வரப்பில் நின்ற பெண்மணி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

பெரியாறு பாயும் இந்த ஆலுவாவில் தமிழ்க் குடும்பங்கள் ஆண்டுக்கொருமுறை ஒன்றுகூடி, பாட்டும் கூத்தும் விருந்துமாக மகிழ்கின்ற இந்நாளில், 'கனவுகளும் தடைகளும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்திருக்கின்றனர். மகிழ்ச்சியான நாளில் தடைகளைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால், நம் பிள்ளைகள் சற்றுமுன் மேடையேறிப் பரிசு பெற்றதைக் கண்டோம். அப்பிள்ளைகளுள் ஒருத்தி மருத்துவராக வேண்டும் என்றாள். ஒருவன் கப்பல் கட்ட வேண்டும் என்றான். அந்தக் கனவுகளைக் கேட்டுக் கை தட்டிய நாம், அவற்றின் வழியில் என்னென்ன நிற்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதும் கடமையன்றோ?

கனவு நிறைவேறாதபோது நம்மவர் பொதுவாகச் சொல்லும் விடைகள் இரண்டு. ஒன்று, 'தலைவிதி' என்பது. மற்றொன்று, 'முயற்சி போதவில்லை' என்பது. முதல் விடை பழியைத் தெய்வத்தின்மேல் போடுகிறது; இரண்டாவது விடை பழியைத் தோற்றவன்மேல் போடுகிறது. இரண்டும் இடையிலே நிற்கும் சுவரை மட்டும் பார்ப்பதில்லை. திருவள்ளுவர் இவ்வாறு ஒருபக்கம் மட்டும் பார்த்தவரல்லர். முயற்சியின் பெருமையைச் சொல்ல 'ஆள்வினையுடைமை' என்று ஓர் அதிகாரம் வகுத்த அதே பெருமான், வறுமையின் கொடுமையைச் சொல்ல 'நல்குரவு' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். நல்ல பொருளை நன்கு உணர்ந்து சொன்னாலும் ஏழையின் சொல் அவையில் ஏறாது என்பதை அவர் அறிந்திருந்தார். முயற்சியைப் போற்றுகின்றவன் தடையையும் காண வேண்டும் என்பதே அந்த இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிப்பவர்க்குக் கிடைக்கும் பாடமாகும்.

ஆகவே, இன்று நாம் பொதுப்படையான அறிவுரை சொல்லப் போவதில்லை. நாம் வாழும் இந்தக் கொச்சி மண்ணிலேயே, நமக்கு இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்பு வாழ்ந்த ஒரு பெண்மணியின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு, அவர் வழியில் நின்ற தடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்ப்போம். அவர் பெயர் தாட்சாயணி வேலாயுதன்.

எர்ணாகுளத்தை அடுத்த காயலில் முளவுகாடு என்று ஒரு தீவு உண்டு. இன்று வல்லார்பாடம் செல்லும் பாலத்தில் போகின்றவர்கள் அத்தீவைக் காணலாம். அங்கே 1912ஆம் ஆண்டில், புலையர் குலத்தில் அவர் பிறந்தார். அந்நாளில் அக்குலத்தினர்க்கு விதிக்கப்பட்டிருந்த தடைகளைக் கேட்டால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். பொது வழியில் நடக்கக் கூடாது. மேல்சாதியார் எதிரே வந்தால் விலகி ஓட வேண்டும். பெண்கள் மேலாடை அணியக் கூடாது. கல்விக்கூடத்தின் கதவு அவர்களுக்குத் திறவாது. பெயர் வைப்பதிற்கூடக் கட்டுப்பாடு இருந்தது. அழகி, காளி, சக்கி, பூமாலை என்பன போன்ற பெயர்களே அவர்களுக்கு உரியவை என்று கருதப்பட்ட காலத்தில், தக்கனின் மகளான உமையம்மையின் பெயரை ஒரு தாயும் தந்தையும் தம் பெண் குழந்தைக்கு இட்டார்கள். அந்தப் பெயரே அக்குடும்பத்தின் முதல் கனவு என்று சொல்லலாம்.

அவர் கைக்குழந்தையாயிருந்த 1913ஆம் ஆண்டில் கொச்சியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்ல வேண்டும். புலையர்கள் ஒன்றுகூடித் தம் குறைகளைப் பேச ஒரு கூட்டம் நடத்த விரும்பினர். ஆனால் கூட்டம் கூட நிலத்தில் அவர்களுக்கு இடம் இல்லை. அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வள்ளங்களைக் காயலில் கொண்டுபோய் ஒன்றோடொன்று பிணைத்து, மேலே பலகை பரப்பி, தண்ணீரின்மேல் கூட்டம் நடத்தினார்கள்! நிலம் அரசனுக்கும் செல்வர்க்கும் உரியதாயிருக்கலாம். நீரின்மேல் யார் தடுக்க முடியும்? 'காயல் சம்மேளனம்' என்று கேரள வரலாறு அதைக் குறிக்கிறது. அதற்குத் துணை நின்றவர் சேரானல்லூரில் மீனவர் குலத்தில் பிறந்த கவிஞர் பண்டிதர் கறுப்பன். சாதிக் கொடுமையைச் சாடி 'ஜாதிக்கும்மி' என்னும் நூலை எழுதியவர் அவர். தாட்சாயணி அம்மையார் பிற்காலத்தில் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, 'கடலுக்குச் சாதி இல்லை' என்று பொருள்படும் தலைப்பை அதற்கு இட்டார் என்பதை எண்ணும்போது, அந்தக் காயல் கூட்டம் நம் நினைவுக்கு வருகிறது.

கல்வியில் அவர் மேலே மேலே சென்றார். கொச்சி அரசாங்கம் தந்த உதவித்தொகை அவருக்குக் கைகொடுத்தது. எர்ணாகுளத்து மகாராஜா கல்லூரியில் வேதியியலைப் பாடமாக எடுத்துக்கொண்டு, 1935இல் பட்டம் பெற்றார். இந்தியாவிலேயே தாழ்த்தப்பட்ட குலத்திலிருந்து பட்டம் பெற்ற முதல் பெண்மணி என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. ஆனால் அந்தப் பட்டத்திற்குப் பின்னே இருந்த கொடுமையைக் கேளுங்கள். வேதியியல் என்பது புத்தகத்தைப் படித்து மட்டும் கற்கும் கலையன்று. கண்ணாடிக் குழாயைக் கையிலே பிடித்து, நிறம் மாறுவதைக் கண்ணாலே கண்டு, மணத்தையும் வெப்பத்தையும் உணர்ந்து கற்க வேண்டிய கலை. அவருடைய ஆசிரியர் ஒருவர், சாதி காரணமாக, சோதனைகளை அவருக்கு அருகே வைத்துக் காட்ட மறுத்தார். அவரோ எட்ட நின்று, மற்றவர்கள் செய்வதைக் கண்ணாலே பார்த்துப் பார்த்து, அறிந்துகொண்டார்.

நண்பர்களே, இந்த இடத்தில் சற்று நிற்போம். அந்தப் பெண்ணுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது, உதவித்தொகையும் கிடைத்தது. சட்டப்படி பார்த்தால் தடை ஏதும் இல்லை. ஆயினும் வகுப்பறைக்குள்ளே, மேசைக்கும் மாணவிக்கும் இடையிலே, கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் எழுந்து நின்றது. பணத்தடை நீங்கிய இடத்திலும் சமூகத்தடை நீங்குவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? கதவைத் திறந்து வைப்பது ஒன்று. உள்ளே வந்தவரை உட்காரச் சொல்வது மற்றொன்று. இரண்டும் நடந்தால்தான் கல்வி நடக்கும்.

பட்டம் பெற்றபின் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, திருச்சூர், திருப்பூணித்துறைப் பகுதிகளின் அரசாங்கப் பள்ளிகளில் 1945 வரை ஆசிரியராகப் பணிபுரிந்தார். ஆசிரியர் பணி என்றால் அந்நாளில் ஊரே எழுந்து நின்று வணங்கும் பணி. ஆனால் அவர்க்கு நேர்ந்தது வேறு. திருச்சூரை அடுத்த பெரிங்ஙோட்டுக்கரையில் வேலை பார்த்த நாளில், ஒருமுறை வயல் வரப்பின்மேல் அவர் நடந்து கொண்டிருந்தார். எதிரே மேல்சாதிப் பெண்மணி ஒருவர் வந்தார். 'வயலில் இறங்கி வழிவிடு' என்ற பொருளில் அவர் சொன்னார். சேற்று வயலில் இறங்குவது அந்நாள் வழக்கம். தாட்சாயணி அம்மையார் இறங்கவில்லை. 'போக வேண்டுமானால் நீங்கள் இறங்கிப் போகலாம்' என்று அமைதியாகச் சொல்லி, வரப்பின்மேல் நின்ற இடத்திலேயே நின்றார். முடிவில் எதிரே வந்தவரே வயலில் இறங்கிப் போக நேர்ந்தது.

ஒரு முழ அகலமுள்ள வரப்பு அது. ஆனால் எத்தனை நூற்றாண்டுகளின் வழக்கம் அந்த ஒரு முழத்தில் நின்றது! அந்த வரப்பில் நிற்க அவருக்குத் துணிவு தந்தவை எவை? அவர் பெற்ற கல்வி ஒன்று. மாதந்தோறும் கைக்கு வந்த சம்பளம் மற்றொன்று. சோற்றுக்கு நில உடைமையாளரை நம்பியிருந்த கூலிப் பெண் ஒருத்தி அவ்வாறு நின்றிருந்தால், மறுநாள் அவளுக்கு வேலை இருந்திருக்காது. சமூகத்தடையும் பொருளாதாரத்தடையும் ஒரே கயிற்றின் இரண்டு புரிகள் என்பது இதனால் விளங்கும். ஒன்றை அவிழ்க்காமல் மற்றொன்றை அவிழ்க்க முடியாது.

1940இல் வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில், காந்தியடிகள் முன்னிலையில், ஆர். வேலாயுதனை அவர் மணந்தார். 1945இல் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பெற்றார். 1946இல், சென்னை மாகாணத்தின் சார்பில், இந்திய அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அச்சபையில் இருந்த பெண்மணிகள் பதினைவர்; அவர்களுள் தாழ்த்தப்பட்ட குலத்தைச் சேர்ந்தவர் இவர் ஒருவரே. எட்ட நின்று வேதியியல் கற்ற பெண், ஒரு நாட்டின் சட்டத்தையே எழுதும் மன்றத்தில் அமர்ந்தார்! தீண்டாமையை ஒழிக்கும் பிரிவு 1948 நவம்பர் 29இல் அச்சபையில் விவாதிக்கப்பட்டபோது, அவரும் எழுந்து ஆதரித்துப் பேசினார். சட்டம் வேண்டும்; ஆனால் சட்டம் மட்டும் போதாது; மக்களின் நடத்தையும் அரசுகளின் செயலுமே அதற்கு உயிர் தரும் என்பது அவர் பேச்சின் சாரமாக இருந்தது. மகாராஜா கல்லூரியின் சோதனைச்சாலையை அறிந்தவர் வேறு எவ்வாறு பேசியிருக்க முடியும்?

அவர் வாழ்வில் அதன்பின் எல்லாம் ஏற்றமாகவே இருந்தது என்று கதை முடிக்க நாம் விரும்பவில்லை. 1971இல் பாராளுமன்றத் தேர்தலில் அடூர்த் தொகுதியில் நின்று தோற்றார். 1978இல் மறைந்தபோது நாட்டின் பெரும்பகுதி அவரை மறந்திருந்தது. கேரள அரசு அவர் பெயரால் ஒரு விருதை அறிவித்தது 2019இலேதான். தடைகளைத் தாண்டியவர்களை மறந்துவிடுவதும், பின்வருவோர்க்கு ஒருவகைத் தடையே ஆகும். 'நம்மைப் போன்ற ஒருவர் முன்பு சென்றிருக்கிறார்' என்னும் செய்தி கிடைக்காத பிள்ளை, தான்தான் முதலாமவன் என்று அஞ்சி நின்றுவிடுகிறான்.

நிற்க. இதே கதை நம் தமிழ்நாட்டிலும் நடந்ததுண்டு. எர்ணாகுளத்தில் மகாராஜா கல்லூரி இருப்பதுபோலவே புதுக்கோட்டையிலும் மகாராஜா கல்லூரி உண்டு. தேவதாசி மரபில் வந்த தாய்க்குப் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் சேர விரும்பியபோது, எதிர்ப்பு எழுந்தது; ஒரு பெண் வந்தால், அதிலும் அந்த மரபில் வந்த பெண் வந்தால், மாணவர்கள் கெட்டுவிடுவர் என்று அஞ்சினர். புதுக்கோட்டை மன்னரே தலையிட்டு இடம் தரச் செய்தார். அந்தப் பெண் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அவரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அடையாற்றில் 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அவர் நாட்டுக்கு விட்டுச் சென்ற செல்வம். ஒரு கதவு திறந்திராவிட்டால், எத்தனை ஆயிரம் நோயாளிகளுக்கு வேறு எத்தனை கதவுகள் அடைபட்டிருக்கும்!

பணத்தடைக்கு நம்மவர் அறிந்த சான்று கணித மேதை இராமானுஜன். கும்பகோணத்து அரசாங்கக் கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை, கணிதம் தவிர்ந்த பாடங்களில் தவறியதால், கைநழுவியது. காகிதம் வாங்கப் பணம் போதாமல் கற்பலகையில் எழுதி எழுதி முழங்கையால் அழித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்குக் கணக்கராக அமர்ந்தார். அங்கே மேலதிகாரிகளாயிருந்த நாராயண ஐயரும் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரை அறிந்துகொண்டு துணை நின்றனர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். இந்தக் கதையைச் சொல்லி, 'திறமை இருந்தால் எப்படியும் வெளிவரும்' என்று முடிப்பார் உண்டு. நாம் அவ்வாறு முடிக்க மாட்டோம். நாராயண ஐயர் போன்ற மேலதிகாரி வாய்க்காத இராமானுஜன்கள் எந்தத் துறைமுகத்தின் பேரேட்டில் வாழ்நாள் முழுவதும் கூட்டல் போட்டு மறைந்தார்கள் என்பதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்?

கடல்கடந்தும் இதே நிலைதான். போலந்து நாட்டில் பிறந்த மேரி கியூரி அம்மையார், வார்சா பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்க்காத காலத்தில் வளர்ந்தவர். அவரும் அவருடைய தமக்கையும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். தங்கை பிறர் வீடுகளில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்துத் தமக்கையைப் பாரிசில் மருத்துவம் படிக்க வைப்பது. தமக்கை படித்து முடித்தபின் தங்கைக்குத் துணை நிற்பது. அவ்வாறே 1891இல் மேரி பாரிசு சென்றார். பின்னர் 1903இலும் 1911இலும் இரண்டு நோபல் பரிசுகள் அவரைத் தேடி வந்தன. வீட்டை விட்டு வெளியூர் சென்று, ஒருவர் உழைக்க மற்றொருவர் படிப்பது என்பது நம் காலனியில் பல வீடுகளில் நடக்கும் கதையன்றோ? அண்ணன் பட்டறையில் நின்று தம்பியைப் பாலிடெக்னிக்கில் சேர்த்த வீடுகள் இந்த அவையிலேயே எத்தனை இருக்கின்றன!

இனி நம் சொந்த வாசலுக்கு வருவோம்.

தமிழர்கள் இந்தப் பகுதிக்கு ஒரே காலத்தில் வந்தவர்கள் அல்லர். கோட்டைக் கொச்சியின் வேளிப் பகுதியில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் ஒல்லாந்தர் காலத்திலேயே வந்தனர் என்பர். மட்டாஞ்சேரியின் கடைத்தெருக்களில் பல தலைமுறைகளாகத் தமிழ்க் குரல் கேட்கிறது. 1943இல் அலுப்புரத்தில் அலுமினியத் தொழிற்சாலை வந்தது. திருச்சிராப்பள்ளிச் சேஷசாயி சகோதரர்களின் முயற்சியில் ஏலூரில் உரத் தொழிற்சாலை எழுந்து 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. பின்னர்ப் பல பத்தாண்டுகள் கட்டட வேலைக்கும் சாலை வேலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களே கேரளத்தின் முதல் புறமாநிலத் தொழிலாளர்களாயினர். வெல்லிங்டன் தீவை அடுத்த வாத்துருத்தியில் இன்றும் அவர்கள் நெருங்கி வாழ்கின்றனர். இவர்களுள் உத்தியோகத்துக்கு வந்தவரும் உண்டு, கூலிக்கு வந்தவரும் உண்டு. ஆனால் பிள்ளைகளைப் பற்றிய கனவு எல்லா வீட்டிலும் ஒன்றே.

அந்தக் கனவின் வழியில் இன்று நிற்கும் தடைகளுள் மூன்றை மட்டும் சொல்வோம்.

முதலாவது, காகிதத் தடை. இது பலர் அறியாதது. அறியும்போது காலம் கடந்திருப்பது. நம் அரசமைப்பின் 341ஆவது பிரிவின்படி, தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலந்தோறும் தனித்தனியே வகுக்கப்படுகிறது. முதல் ஆணை 1950ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் வெளிவந்தது. ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ள குடும்பம் அந்நாளுக்குப்பின் வேறு மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தால், புதிய மாநிலத்தின் இடஒதுக்கீட்டை அங்கே உரிமையாகக் கேட்க இயலாது. இரு மாநிலப் பட்டியலிலும் அதே சாதிப் பெயர் இருந்தாலும் இயலாது. உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 1990இல் இவ்வாறு தீர்ப்பளித்தது. 2018இல் மற்றோர் அரசமைப்பு அமர்வும் அதனை உறுதி செய்தது. ஒவ்வொரு மாநிலத்திலும் அங்குள்ள நிலையை ஆராய்ந்தே பட்டியல் அமைந்தது என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். அது சட்டத்தின் நோக்கில் பொருந்துவதாகலாம். ஆனால் எல்லை தாண்டிய கூலித் தொழிலாளியின் மகளுக்கு அது எவ்வாறு தோன்றும்? வறுமை வாளையாறு கடந்து உடன் வருகிறது. சாதி இழிவும் உடன் வருகிறது. அவற்றை ஈடுசெய்ய வந்த உரிமை மட்டும் எல்லைச் சாவடியிலேயே நின்றுவிடுகிறது!

இதற்குச் செய்யத்தக்கது என்ன? 1950க்கு முன்பே இங்கே குடியேறிய குடும்பங்கள் அதனை மெய்ப்பிக்கும் பழைய ஆவணங்களைக் காப்பாற்ற வேண்டும்: பள்ளிச் சான்று, நிலவரி இரசீது, பிறப்பு இறப்புப் பதிவு ஆகியவற்றைப் பழைய காகிதம் என்று எறிந்துவிடக் கூடாது. பின்னால் வந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. சொந்த மாநிலத்தில் அவர்களுடைய உரிமை அழிவதில்லை. மத்திய அரசின் பணிகளிலும் மத்தியக் கல்வி நிலையங்களிலும் அது செல்லும். தந்தையின் சாதிச் சான்று முறையானதாக இருந்தால், அதனைக் காட்டி, வாழும் இடத்து அலுவலகத்திலேயே பிள்ளைக்கும் சான்று பெற வழி உண்டு. பிற்படுத்தப்பட்டோர் பட்டியல்களும் மாநிலந்தோறும் வேறுபடுவன. ஆகவே பத்தாம் வகுப்பு முடியும்வரை காத்திராமல், பிள்ளை பள்ளியில் சேரும்போதே இவற்றைத் தேடி வைக்க வேண்டும். மாணவர் சேர்க்கையின் கடைசி நாளில் தந்தையார் சொந்த ஊர்த் தாலுகா அலுவலகத்துக்கு இரவுப் பேருந்து ஏறும் காட்சி நம் காலனிகளில் இனி வேண்டாம்.

இரண்டாவது, மொழித் தடை. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், தேர்வில் ஆங்கிலம் என்று மூன்று படகில் கால் வைக்கும் பிள்ளை, முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பில் ஊமைபோல் அமர்ந்திருக்கும். அதனை மந்தபுத்தி என்று ஆசிரியரும் பெற்றோரும் தவறாக எண்ணிவிடுவதுண்டு. அறிவு குறைவன்று, பாலம் இல்லாமையே குறை. நம் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே, 2017இல், 'ரோஷ்னி' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆலுவாவை அடுத்த பினானிபுரம் அரசுப் பள்ளியில் முளைத்த அம்முயற்சியில், வெளிமாநிலத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழியின் வழியாகவே மலையாளம் கற்பித்தனர். காலையில் வெறுவயிற்றோடு வருவோர்க்குச் சிற்றுண்டியும் தந்தனர். மொழித்தடையையும் வயிற்றுத்தடையையும் ஒருங்கே நீக்கிய அந்த அறிவைப் பாராட்டுகிறோம். தமிழகத்தில் காமராசர் 1956இல் மதிய உணவைத் தொடங்கியபோது கண்ட உண்மையும் இதுவே: பசித்த பிள்ளைக்குப் பள்ளி தூரம்.

மூன்றாவது தடை வீட்டுக்குள் இருப்பது. பையன் படிக்கட்டும், பெண் பத்தோடு நிற்கட்டும் என்னும் வீட்டில், எந்த உச்ச நீதிமன்றமும் நுழைய முடியாது. படிப்புக்கென்று சேர்த்த பணம் நகைக்கடைக்குப் போவதையும், படிக்க வேண்டிய பிள்ளை வீட்டின் கடனுக்காக வேலைக்குப் போவதையும் காண்கிறோம். இவற்றோடு ஊரிலிருந்து மூட்டையில் கட்டி வந்த சாதியுணர்வும் ஒன்று. அயல்நாட்டான் என்று நம்மை ஒருவன் ஒதுக்கினால் நமக்கு எவ்வளவு நோகிறது! அந்த நோவை அறிந்தவர்கள், அடுத்த வீட்டுத் தமிழனை அவன் குலம் கேட்டு ஒதுக்குவது எவ்வாறு தகும்?

இவ்வூருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. ஸ்ரீ நாராயண குரு இங்கே பெரியாற்றங்கரையில் அத்வைத ஆசிரமத்தை நிறுவினார். 1924இல் அங்கே சர்வமத மாநாட்டைக் கூட்டினார். வாதிட்டு வெல்வதற்கன்று, அறிந்துகொள்வதற்கே அம்மாநாடு என்பது அவர் வகுத்த நெறி. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த சதாசிவ ஐயர் என்னும் தமிழரே அதற்குத் தலைமை தாங்கினார். அதே ஆண்டில் வைக்கத்தில், கோயிலைச் சுற்றிய தெருக்களில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று எழுந்த சத்தியாக்கிரகத்தில், ஈரோட்டிலிருந்து பெரியார் ஈ. வெ. இராமசாமி வந்து சிறை சென்றார். இங்கிருந்து அதிகத் தொலைவில்லாத சேந்தமங்கலத்தில், 1947 டிசம்பரில், பாலியம் மாளிகை வழியாகச் செல்லும் பாதைக்காக மீண்டும் ஒரு போராட்டம் நடந்தது, ஏ. ஜி. வேலாயுதன் என்பவர் அதில் உயிர் கொடுத்தார். நாடு விடுதலை பெற்றபின்னும் ஒரு தெருவில் நடப்பதற்காக ஓர் உயிர் போயிற்று என்பதை மறக்கலாகாது. இன்று நம் பிள்ளைகள் மிதிவண்டியில் பாடிக்கொண்டு செல்லும் சாலைகள் அவ்வாறு வாங்கப்பட்டவை.

இவற்றால் நாம் அறிவது என்ன? தடைகள் மலைபோல் தாமே முளைத்தவை அல்ல, மனிதர் எழுப்பியவை. மனிதர் எழுப்பியதை மனிதரே நீக்கினர். ஆனால் அவை ஒருநாளும் தனியொருவர் முயற்சியால் மட்டும் நீங்கவில்லை. தாட்சாயணி அம்மையாருக்குப் பெயரிட்டுக் காத்த பெற்றோர் இருந்தனர். காயலில் கூடிய குலம் இருந்தது. உதவித்தொகை தந்த அரசு இருந்தது. இவை மூன்றும் இருந்ததனாலேயே அவருடைய நெஞ்சுரம் பயன் தந்தது. வரப்பில் நின்றது ஒருவர்தான். அவரை அங்கே நிறுத்தியவர்கள் பலர்.

அந்தப் பலருள் ஒருவராக நம் சங்கம் இருக்க வேண்டும் என்பதே இன்று நாம் வைக்கும் விண்ணப்பம். பெரிய நிதி திரட்டவும் கட்டடம் எழுப்பவும் இப்போது சொல்லவில்லை. மூன்று சிறு பணிகள் போதும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்க அறையில் ஒரு மேசை போட்டு, அலுவலக அனுபவமுள்ள நம் உறுப்பினர் இருவர் அமர்ந்து, சான்றிதழும் உதவித்தொகை விண்ணப்பமும் எழுதிக் கொடுக்கட்டும். மத்திய அரசின் மேற்படிப்பு உதவித்தொகை 1944 முதலே நடந்து வருகிறது. ஆயினும் விண்ணப்பம் எழுதத் தெரியாததால் அதனை இழக்கும் வீடுகள் உண்டு. இரண்டாவதாக, மாலையில் ஒரு மணி நேரம், நம் கல்லூரி மாணவர்கள் சிறு பிள்ளைகளுக்கு மலையாளமும் தமிழும் சேர்த்துக் கற்பிக்கட்டும். மூன்றாவதாக, உத்தியோகக் குடியிருப்பில் வாழும் குடும்பங்கள், கூலி வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளை அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைத்து வரட்டும். பார்வையாளராக அன்று, மேடையேறுவோராக. எட்ட நின்று பார்த்துக் கற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் நம் சங்கத்தில் வேண்டாம்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சொல். தடை உண்டு என்று நாங்கள் சொன்னது உங்களை அச்சுறுத்துவதற்கன்று. தடையைத் தடை என்று அறிந்தவன், தோல்வி நேரும்போது தன்னையே வெறுக்க மாட்டான். வெற்றி நேரும்போது பின்னால் நிற்பவனை இகழவும் மாட்டான். நீங்கள் ஏறும் ஏணியை மேலே சென்றதும் உதைத்துத் தள்ளாதீர்கள். ஒரு கை கொடுத்து அடுத்தவனையும் ஏற்றுங்கள். அதுவே நீங்கள் கற்ற கல்விக்கு அழகு.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!